ரைன் பள்ளத்தாக்கு போக யோசனை வேண்டும்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனியில் டிரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன். கையில் இருப்பது டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது நாடு முழுக்க உள்ளூர், வட்டார வண்டிகளில் செல்லும் மாதப் பாஸ். ஐசிஇ, ஐசி என்கிற நெடுந்தூர விரைவு வண்டிகளில் அது செல்லாது, அதனால் ஆர்இ, ஆர்பி என்கிற வட்டார ரயில்களிலும் எஸ்-பான் என்கிற புறநகர் ரயில்களிலும்தான் ஊர் சுற்றுகிறேன். எஸ்1 புறநகர் ரயில் பிடித்து ராத்தனில் இறங்கி, எல்பே ஆற்றைப் படகில் கடந்து பாஸ்டை பாலம் ஏறிப் பார்த்தாச்சு. 1851-இல் மணற்கல்லால் கட்டியது. மேலே நின்றால் ஆறு வளைந்து போவது முழுசாகத் தெரிகிறது. இறங்கவே மனசு வரவில்லை.

அடுத்து ரைன் பள்ளத்தாக்கு. கோப்லென்ஸ் நகருக்குத் தெற்கே ரைன் ஆற்றின் இரண்டு கரையிலும் ரயில் போகிறதே, எந்தக் கரையில் போனால் கோட்டைகள் நன்றாகத் தெரியும்? அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள பாகராக் ஊரில் ஸ்டாலெக் கோட்டையையே இளைஞர் விடுதியாக வைத்திருக்கிறார்கள். அங்கே தங்கியவர்கள் யாராவது உண்டா? ஸ்டேஷனிலிருந்து ஏற்றம் கடினமா? நான் சைவம், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்போது அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.