ரெசின் மாற்றப் போய் நடுக்குழாயைக் கோட்டைவிட்ட கதை

லண்டனில் கண்ணாடி யன்னல் கழுவும் வேலைக்கு வந்து நான்கு வருடமாகிறது. தூய நீரும், நுனியில் தண்ணீர் பாயும் தூரிகை பொருத்திய நீளக் கம்பும்தான் மூலதனம். துணியால் துடைப்பதில்லை, கழுவிய ஈரம் தானாகக் காய வேண்டும். இங்கே தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். என் வீட்டுக் குழாயில் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) வைத்தால் 300க்குக் குறையாது. அதை அப்படியே அடித்தால் காய்ந்தபின் யன்னல் முழுக்க வெள்ளைப் பொட்டு. ஆகவே முதலில் ஆர்.ஓ., அதாவது சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி; அதில் தப்பி வருவதைப் பிடிக்க ரெசின் என்னும் சிறு மணிகள் நிரப்பிய சிலிண்டர். மீட்டர் 000 காட்ட வேண்டும். 10ஐத் தொட்டால் ரெசின் முடிந்தது என்று வைத்துக்கொள்வேன்.

இதுவரை கடையில் கொடுத்துத்தான் நிரப்புவேன். இந்த முறை 25 லிட்டர் மூட்டையொன்று வாங்கினேன். என் சிலிண்டர் 11 லிட்டர். இரண்டு தடவை நிரப்பினாலும் கொஞ்சம் மிஞ்சும். மனக்கணக்கில் நல்ல இலாபம்.

மூடியைத் திறக்குமுன் அழுத்தத்தை இறக்கினேன், அந்த அறிவு இருந்தது. பழைய ரெசினைக் கவிழ்த்ததும் கராஜ் முழுக்க மீன் வாடை. மனைவி எட்டிப் பார்த்து, "இங்கே என்ன, கருவாடு காயப் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

புதிய ரெசின் கசகசா அளவில் தேன் நிற மணிகள். ஈரமாக இருப்பதால் மணல்போலக் கொட்டாது. புனலில் கட்டிகட்டியாக நின்றுவிடும். ஒரு கையால் புனலைத் தட்டி, மறு கையால் மூட்டையைச் சரித்துக்கொண்டிருந்தபோது சிலிண்டரின் அடியிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் நடுக்குழாய் சாய்வதைக் கண்டேன். நிமிர்த்துவதற்காகச் சற்றே தூக்கினேன். அந்த நொடியில் மணிகள் அடியில் புகுந்துவிட்டன. பிறகு எவ்வளவு அழுத்தியும் குழாய் இறங்கவில்லை. இரண்டு விரற்கடை துருத்திக்கொண்டு நின்றது, மூடி மரையில் ஏறவே இல்லை. எல்லாவற்றையும் வாளியில் கொட்டி மறுபடி ஆரம்பித்தேன். தரையில் சிந்திய மணிகளில் கால் வழுக்கி, வேன் கதவைப் பிடித்துத் தப்பினேன்.

அதோடு முடியவில்லை. நடுக்குழாயின் வாயை மூடாமலே கொட்டியிருக்கிறேன். மறுநாள் இரண்டாம் மாடி யன்னலுக்குக் கம்பை உயர்த்தினால் தூரிகையின் ஒரு துளையில் தண்ணீரே வரவில்லை. ஊசியால் குத்தினேன், தேன் நிற மணிகள் உதிர்ந்தன.

*

தம்பி, கிளாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன். முதல் தடவை எனக்கும் இதேதான் நடந்தது. நடுக்குழாயின் வாயில் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டுத்தான் மூட்டையைத் தொட வேண்டும். பாதி கொட்டியதும் சிலிண்டரின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள், மணிகள் அமரும். டேப்பை எடுக்க மறந்து மூடியைப் பூட்டிவிட்டு, "தண்ணீர் ஏன் வரவில்லை" என்று நின்றவனும் நான்தான்.

குழாய் மேலே வந்துவிட்டால் முழுவதையும் கொட்டத் தேவையில்லை. தோட்டக் குழாயை உள்ளே விட்டுத் தண்ணீரைத் திறந்தால் மணிகள் இளகும். ஆட்டி ஆட்டி இறக்கலாம். நீண்ட நேரம் விடாதீர்கள். அதில் இருவகை மணிகள் கலந்திருக்கின்றன: ஒன்று கல்சியம், சோடியம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும், மற்றது குளோரைடு, சல்பேட்டைப் பிடித்து ஹைட்ராக்சைடை விடும், இரண்டும் சேர்ந்து தண்ணீராகும். முதல் வகை பாரம் கூடியது. கீழிருந்து தண்ணீர் அதிகம் பாய்ந்தால் அது அடியிலும் மற்றது மேலேயும் பிரிந்துவிடும். பிறகு எதற்குக் கலந்த ரெசின்?

எங்களுக்கு லொக் கத்ரீன் ஏரித் தண்ணீர், 1859 முதல் இந்த நகரத்துக்கு வருவது. மழைத் தண்ணீர்போல மென்மை. நான் ஆர்.ஓ. வைத்துக்கொள்வதே இல்லை, ரெசின் மட்டும்தான். அதைச் சொன்னால் லண்டன்காரர்களுக்கு வயிறு எரியும்.

*

நானும் என் கணவரும் டொராண்டோவில் இதே வேலைதான். அண்ணா, நீங்கள் வழுக்கியதோடு தப்பித்தீர்கள். நாங்கள் டிசம்பரில் ஒரு இரவு சிலிண்டரை வேனிலேயே விட்டுவிட்டோம். மணிகளுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து அவை வெடித்துவிட்டன. மறுநாள் தண்ணீர் நூல்போல வந்தது. உடைந்த தூள் வடிகட்டியை அடைத்திருந்தது. வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத ரெசின். இப்போது குளிர்காலம் முழுவதும் சிலிண்டர் எங்கள் குளியலறையில்தான் இருக்கிறது. விருந்தினர் வந்தால் அதன்மேல் துண்டு போட்டு மறைப்போம்.

*

அண்ணை, நேற்று டேப் ஒட்டி நிரப்பினேன். மூடி ஒரே சுற்றில் ஏறியது. முதலில் வந்த தண்ணீரை வெளியே விட்டுவிட்டு மீட்டரை வைத்தேன்: 000. டேப்பை எடுத்தேனா என்று மூன்று தடவை பார்த்தேன். சிந்திய மணிகள் இன்னும் கராஜ் மூலையில் கிடக்கின்றன. விளக்குமாற்றுக்கு அகப்படாமல் உருண்டு ஓடுகின்றன.