மறு: வாட்டர்ஷெட் 'தரவரிசை' – 'தர'த்தைக் கழற்றிவிடலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'வாட்டர்ஷெட்'களின் பல்லுயிர் 'ரேங்கிங்'குக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம், 'தரவரிசை' சரியா என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். தொடங்கிவிட்டுப் பத்து நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். வீட்டில் பெயின்ட் வேலை. கணினி மேல் பழைய வேட்டி மூடிக் கிடந்தது. எல்லா மடலையும் நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன்.

ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறேன் என்று முதல் மடலில் சொல்லவில்லை. போன வருடம் பறவை பார்க்கும் நண்பர்களுக்காக ஒரு துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எந்த வாட்டர்ஷெட்டை, அதாவது மழைநீர் ஒன்றாக வடிந்து சேரும் நிலப்பரப்பை, முதலில் காப்பாற்றினால் அதிக உயிரினங்கள் தப்பும் என்று கணக்கிடும் முறையைப் பற்றியது. தலைப்பு: 'நீர்நிலைகளின் பல்லுயிர்த் தரவரிசை'. மேடவாக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் விநியோகித்தோம். ஒரு அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "எங்க ஏரி எத்தனாவது ரேங்க் தம்பி? அப்ப போர் தண்ணிய சமையலுக்கு எடுத்துக்கலாமா?" என்றார். பக்கத்தில் நின்றவர், "கட்-ஆஃப் எவ்வளவு?" என்று சிரித்தார். அவருடைய பையன் அந்த வருடம் பொறியியல் கலந்தாய்வில் இருந்தான்.

தப்பு அவர்களுடையது இல்லை. ஒரே தலைப்பில் நான் இரண்டு பிழை செய்திருந்தேன். 'நீர்நிலை' என்றால் ஏரி, குளம். ஆனால் இங்கே வரிசைப்படுத்துவது நிலத்தை: ஒரு சதுப்புக்கோ ஆற்றுக்கோ மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதையும். என் வீட்டு மொட்டைமாடியும் பள்ளிக்கரணைச் சதுப்புக்குத் தண்ணீர் அனுப்பும் நிலம்தான். 2022இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதற்குத் தண்ணீர் வடியும் நிலம் சுமார் 250 சதுர கிலோமீட்டர். அதாவது சதுப்பைப் போல இருபது மடங்கு. நீளவால் இலைக்கோழி என்ற பறவை சதுப்பில்தான் நடக்கிறது, அதன் தலையெழுத்து அந்த இருபது மடங்கில் எழுதப்படுகிறது. இரண்டாவது பிழை 'தரவரிசை'. அதற்கு அப்புறம் வருகிறேன்.

> நீர்ப்பிடிப்புப் பகுதி என்று நல்ல சொல் இருக்கும்போது ஏன் புதிதாக வேண்டும்?

தாம்பரத்து நண்பர் கேட்டது. இருக்கிறது, ஆனால் அதற்கு இரண்டு வேலை. 'செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கனமழை' என்று செய்தி வந்தால், ஏரிக்கு மேலே இருக்கும் நிலம். 'நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆக்கிரமித்து வீடு' என்று அதே நாளிதழின் இன்னொரு பக்கத்தில் வந்தால், ஏரிக்குள்ளேயே தண்ணீர் பரவி நிற்கும் இடம். வழக்குமன்றம் வரை போகும் ஒரு சொல்லை இப்படி இரண்டு அர்த்தத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது.

ஆங்கிலக்காரனுக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்பது ஒரு ஆறுதல். வாட்டர்ஷெட் என்பதற்குப் பிரிட்டனில் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பிரித்துவிடும் முகடு என்றுதான் பொருள். ஜெர்மன் சொல்லின் வழியில் வந்தது. அமெரிக்காவில் அது முகட்டுக்குள் அடங்கிய நிலப்பரப்பாக மாறியது. நம் புவியியல் பாடத்தில் வந்த 'நீர்ப்பிரிமேடு' பிரிட்டன்காரன் பொருளைச் சரியாகச் சொல்கிறது. அதை முகட்டுக்கே விட்டுவிடுவோம்.

சென்னையில் இருந்துகொண்டு முகட்டைப் பற்றிப் பேசுவதே கொஞ்சம் வேடிக்கைதான். தட்டையான கடலோரச் சமவெளி. கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் கேசவரம் அணைக்கட்டில் கூவத்துக்கும் பிரிகிறது. அங்கே நீர்ப்பிரிமேடு எது என்றால் ஷட்டரைத்தான் கைகாட்ட வேண்டும்.

> 'வடிநிலம்' போதும். மாநகராட்சிப் பலகையிலேயே இருக்கிறது.

உண்மை. 'கோவளம் வடிநிலம்', 'கொசஸ்தலையாறு வடிநிலம்' என்று மழைநீர் வடிகால் வேலையால் இந்தச் சொல் தெருவுக்கு வந்துவிட்டது. பள்ளம் தோண்டிப் போட்ட தெருவில் ஆறு மாதம் தாண்டித் தாண்டி நடந்தவர்கள் இந்தச் சொல்லை மறக்கமாட்டார்கள். எனக்கும் மிகப் பிடித்த சொல். ஆனால் அது பெரிய அளவுக்கு உரியது. தமிழ்நாட்டில் 17 ஆற்று வடிநிலங்கள் என்று கணக்கு. நமக்கு வேண்டியது அதற்குக் கீழே.

இங்கேதான் யாரும் தொடாத ஒரு சங்கதி. மத்திய வேளாண் அமைச்சகத்தின் மண், நிலப் பயன்பாட்டு ஆய்வு அமைப்பு 1990இல் ஒரு வரைபடத் தொகுப்பு வெளியிட்டது. அதில் நாடு முழுவதும் 6 மண்டலம், 35 பேசின், 112 கேட்ச்மென்ட், 500 சப்-கேட்ச்மென்ட், 3,237 வாட்டர்ஷெட். பாருங்கள், நாம் ஒன்றுக்கொன்று மாற்றாக எறிந்துகொண்டிருக்கும் சொற்கள் அங்கே ஏணியின் தனித்தனிப் படிகள். ஒரு படிக்கு ஒரு சொல் என்று பிரித்துத் தராவிட்டால் மொழிபெயர்ப்பவன் மூன்றாவது படியில் வழுக்கி விழுவான். நான் விழுந்திருக்கிறேன்.

என் பரிந்துரை: பேசின் – வடிநிலம். வாட்டர்ஷெட் – நீர்வடிப்பகுதி. இது வேளாண் துறைப் பக்கம் ஏற்கனவே புழங்குகிறது. மானாவாரி விவசாயிகளுக்குத் தெரிந்த சொல். புதிதாகச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. 'நீர்வடி' என்று சுருக்கலாம் என்று இழையில் ஒரு அக்கா எழுதியதற்கு, என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "அது சோறு வடிக்கற தட்டு மாதிரி இருக்கு" என்றாள். அந்த வழக்கை அத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

கேட்ச்மென்டுக்கு? எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. இப்போது அடுக்ககங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெல் போட்டவர். டீக்கடையில் வைத்து அவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலால் ஏரியைத் தொட்டு, அங்கிருந்து மேற்கே இழுத்துக்கொண்டே போனார். "இதெல்லாம் வரத்து. மேல் ஏரி ரொம்பிக் கலங்கல் விழுந்தா இங்க வரும். இந்த ஏரியோட வரத்துல நீ ஒரு கல்லு போட்டாலும் அது தண்ணியத் தடுக்கும்." டீ கிளாஸின் ஈர வட்டம் வரைபடத்தில் சரியாகப் பெரும்பாக்கத்தின் மேல் விழுந்துவிட்டது. வரத்து! வரத்துக் கால்வாய் என்று நாமே சொல்கிறோம், அந்த நிலத்துக்குப் பெயர் மட்டும் தேடிக்கொண்டிருக்கிறோம். கேட்ச்மென்டுக்கு 'வரத்துநிலம்' என்று வைக்கலாம்.

இனி, 'தரவரிசை'.

அந்த அம்மாவின் கேள்வி சும்மா வரவில்லை. 'தரம்' என்ற சொல் தண்ணீர்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் எவருக்கும் தண்ணீரின் தரம்தான் தோன்றும். அது போகட்டும், கணக்கின் உள்ளேயே 'தரவரிசை' பொய் சொல்கிறது. மூன்று நீர்வடிப்பகுதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அ'வில் பத்து வகை அரிய மீன். 'ஆ'வில் ஒன்பது, ஆனால் ஒன்பதும் 'அ'வில் இருப்பவையே. 'இ'யில் மூன்றே மூன்று, மூன்றும் வேறெங்கும் இல்லாதவை. இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மேலிருந்து இரண்டை எடுத்தால் அ, ஆ. காப்பாற்றியது பத்து வகை. அ, இ என்று எடுத்தால் பதின்மூன்று. கடைசி பெஞ்சில் இருந்த 'இ' இரண்டாவதாக வர வேண்டும்.

பந்தி பரிமாறுவது மாதிரி. இலையில் சாம்பார் விழுந்துவிட்டால் அடுத்த வாளியும் சாம்பாராக வரக் கூடாது, அது எவ்வளவு நல்ல சாம்பாராக இருந்தாலும். அடுத்து என்ன என்பதை இலையில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். இந்தத் தன்மைக்கு இழையில் எழுதும் கோவை ஆசிரியர் தந்த 'நிரப்புத்தன்மை'யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நிரப்புக் கோணம் படித்த பிள்ளைகளுக்குப் புரியும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வாழும் உயிர் அந்த இடத்துக்குத் தரும் நிலையை 'ஈடின்மை' எனலாம். நீலகிரிப் பக்கத்து மோயாற்றை நினைத்தால் போதும். காவிரி வடிநிலத்தில் மட்டுமே உள்ள திமில் முதுகு மாசீர் கெண்டை, 2018இல் மிக அபாய நிலையில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது, இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் ஓரிரு இடங்களில் மோயாறு ஒன்று. மோயாற்றுக்கு மாற்றாக இன்னோர் ஆற்றைக் காட்டி அந்த மீனிடம் சமாதானம் பேச முடியாது.

இது ஏட்டுக் கணக்கும் இல்லை. அமெரிக்காவில் 1998இல் ஒரு ஆய்வு இப்படித்தான் பார்த்தது. அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக 2,111 நீர்வடிப்பகுதிகள். ஆபத்திலுள்ள நன்னீர் மீன், மட்டி வகைகள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்க 327 போதும் என்று வந்தது. சுமார் 15 சதவீதம். வர்ஜீனியா பக்கத்து மேல் கிளின்ச் ஆற்றுப் பகுதியில் மட்டும் 48 வகை. மட்டியை ஏன் கணக்கில் சேர்த்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நன்னீர் மட்டியின் குஞ்சுகள் ஏதாவது ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால்தான் உண்டு. மேலே எங்கோ ஒரு சரிவில் மண் கரைந்து வந்தால் மட்டி மூச்சுமுட்டும், அந்த மீன் போய்விட்டால் மட்டிக்குப் பிள்ளையே கிடையாது. அதனால்தான் ஆற்றை அளக்காமல் நிலத்தை அளக்கிறார்கள்.

> 'முன்னுரிமை' என்று வைத்தால் என்ன? அரசு ஆவணங்களில் இருக்கிறதே.

இருப்பதுதான் பிரச்சினை. நம் நாட்டில் நீர்வடிப்பகுதி முன்னுரிமை என்றால் பெரும்பாலும் மண் அரிப்புக் கணக்கு: எங்கிருந்து அதிக வண்டல் வந்து அணையை மேடாக்குகிறதோ அங்கே முதலில் வேலை. அதில் முதலிடம் வாங்குவது மொட்டையான குன்று. உயிர்க் கணக்கில் முதலிடம் வாங்குவது பெரும்பாலும் காடு மூடிய சரிவு. ஒரே சொல்லில் இரண்டையும் போட்டால் அதிகாரி ஒருவர் பழைய பட்டியலையே எடுத்து நீட்டுவார்.

இதற்காக நான் முதலில் எழுதி வைத்திருந்தது 'காப்புவரிசை'. எந்த வரிசையில் போய்க் காப்பது என்பது. சின்னச் சொல், 'தரவரிசை'யின் ஓசையும் இருந்தது, ரொம்பப் பெருமையாக இருந்தேன். கோவை ஆசிரியரின் மடல் அதை உடைத்தது: மலையடிவாரத்தில் 'காப்பு' என்றதும் மக்களுக்குக் காப்புக்காடுதான் ஞாபகம் வரும், பட்டா போய்விடும் என்று பயப்படுவார்கள் என்றார். ஒரு நாள் முழுக்க எதிர்வாதம் தேடினேன், கிடைக்கவில்லை. மேலே சொன்ன 250 சதுர கிலோமீட்டரில் லட்சக்கணக்கான பேர் குடியிருக்கிறோம். அதற்கு வேலி போட முடியுமா?

அதனால் 'பேணல்வரிசை'. பேணுவதற்கு யாரையும் வெளியேற்ற வேண்டாம். தாயைப் பேணுகிறோம், மாட்டைப் பேணுகிறோம், கூடவே இருந்துகொண்டு செய்கிற காரியம். 'காவல்வரிசை' என்றால் காக்கிச்சட்டை வந்து நிற்கும். முழுச் சொல்: நீர்வடிப்பகுதிகளின் பல்லுயிர்ப் பேணல்வரிசை. பேச்சில் 'பேணல்வரிசை' போதும். 'வரிசை' என்பதும் நிலையான பட்டியல் போலத் தோன்றும் என்று யாராவது சொன்னால், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றை எடுத்த பிறகும் மீதியைத் திரும்பக் கணக்கிடும் வரிசை என்று விளக்கத்தில்தான் எழுத வேண்டும். சொல்லே எல்லாப் பாரத்தையும் தூக்காது.

'பல்லுயிர் மதிப்பு' வேண்டாம், எத்தனை கோடி என்பார்கள். 'உயிர்ச்செறிவு' நெருக்கத்தைத்தான் சொல்லும். சதுப்பில் ஆகாயத்தாமரை கூட நெருக்கமாகத்தான் இருக்கிறது.

புது துண்டறிக்கை வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடுமையான மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அப்புறம், சப்-கேட்ச்மென்டுக்கு 'உள்வரத்துநிலம்' என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை, வெளிநாட்டு வரத்து மாதிரி இருக்கிறது. பெரியவரிடம் கேட்டேன். "அதுக்கெல்லாம் தனியா பேரு கெடையாது, அந்தந்த ஊர்ப் பேருதான்" என்றார்.