வேலிடேட்டர் தேறிய பக்கம் ஸ்கிரீன் ரீடரிலும் தேறுமா?

மின்மினி:
வேர்ட்பிரஸ்ஸில் பேஜ் பில்டர் வைத்து ஒரு பள்ளிக்குத் தமிழ்த் தளம் செய்கிறோம். பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டைச் சோதிக்கும் டபிள்யூ3சி வேலிடேட்டரில் ஒரு பிழைகூட இல்லை. பார்வையற்றோருக்கும் சரியாக வேலை செய்யும் என்று நம்பலாமா?

தறி:
நம்ப வேண்டாம். வேலிடேட்டர் குறியீட்டின் இலக்கணத்தை மட்டும்தான் பார்க்கும். கிளிக் மாட்டிய வெறும் 'டிவ்' (தனிப் பொருள் இல்லாத பொதுப் பெட்டிக் குறி) இலக்கணப்படி சரிதான். ஆனால் டேப் விசை அதில் நிற்காது, என்டர் தட்டினாலும் அசையாது, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்றும் சொல்லாது. எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான விதித்தொகுப்பு டபிள்யூசிஏஜி; 2023-இல் வந்த அதன் 2.2 பதிப்பு, குறியீட்டு இலக்கணத்தைப் பற்றிய பழைய 4.1.1 பார்சிங் விதியையே நீக்கிவிட்டது. மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப், ஷிஃப்ட்+டேப், என்டர், எஸ்கேப் மட்டும் வைத்துப் பக்கம் முழுவதையும் கடந்து பாருங்கள். மெனு, ஸ்லைடர், பாப்அப் மூன்றும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

கடற்காகம்:
தமிழ்த் தளம் என்பதால் முதலில் எச்டிஎம்எல் குறியில் பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லாங்' மதிப்பைப் பாருங்கள். வேர்ட்பிரஸ்ஸை ஆங்கிலத்தில் நிறுவியிருந்தால் அமெரிக்க ஆங்கிலம் என்றே கிடக்கும். ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் போய் உளறும், இல்லையேல் தாண்டிவிடும். அமைப்புகள், பொது, தள மொழி என்று போய்த் தமிழாக்குங்கள்.

நிறமும் முக்கியம். வெள்ளையில் #999 சாம்பல் எழுத்தின் நிற வேறுபாட்டு விகிதம் ஏறக்குறைய 2.8:1தான், சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும். #767676 அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

மின்மினி:
நன்றி. அலங்காரப் படங்களில் ஆல்ட்டை (படத்தை விவரிக்கும் மாற்று உரையை) எடுத்துவிடலாமா?

தறி:
எடுக்காதீர்கள், வெறுமையாக விடுங்கள். ஆல்ட்டே இல்லாவிட்டால் சில ரீடர்கள் கோப்பின் பெயரை வாசிக்கும். படமே இணைப்பாக இருந்தால் வெறுமையும் கூடாது, அது எங்கே போகிறது என்று எழுதுங்கள்.