தொடுகையா, உறுகையா? தொலைவிலிருந்து வரும் தொடுதலுக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கோ இருப்பவரின் கை நம் மேல் படுவதுபோல் உணரவைக்கும் கருவி ஒருநாள் வீட்டுப் பொருளாகிவிடும். அதற்கு இப்போதே ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும் என்று நமக்குள் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: தொடுவுணர் கையுறை, பரிசக் கருவி, தொலைதொடி. மூன்றையும் இரண்டு நாளாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

பரிசம் என்றால் தொடுதல்தான், ஆனால் அதைக் கேட்டதும் பெரும்பாலோருக்குக் கல்யாணப் பேச்சுதான் நினைவுக்கு வரும், அதனால் அது வேண்டாம். தொலைதொடியில் உள்ள 'தொடி' வளையலைக் குறிக்கும் பழைய சொல். மணிக்கட்டில் அணியும் கருவி என்றால் அழகான பெயர்தான், ஆனால் இங்கே நாம் பேசுவது அதைவிடப் பெரிய விஷயம். மீதி இருப்பது 'தொடு'. என் மறுப்பு முழுக்க அந்த வினையைப் பற்றியதுதான்.

போன மாதம் அம்மா வீடியோ அழைப்பில் பேத்தியோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல். அம்மா பேசிக்கொண்டே திரையில் தெரிந்த நெற்றியைப் புறங்கையால் தொட்டார், பிறகு கட்டைவிரலால் கன்னத்தைத் தடவினார். அழைப்பு துண்டித்துவிட்டது. கன்னம் இருந்த இடத்துக்கு மேலே நிறுத்தும் பொத்தான் வந்து நின்றிருக்கிறது. அம்மா பதறிப்போய்த் திரும்ப அழைத்தார், "நான் ஒண்ணும் அமுக்கலையே, தடவத்தானே செஞ்சேன்" என்றார்.

தொடுதிரைக்குத் தடவுவது தெரியாது. விரல் வந்த இடத்தில் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மாறுவதை அளந்து, விரல் எங்கே என்று மட்டும் கண்டுபிடிக்கும். அதற்கு ஒவ்வொரு தொடுதலும் ஒரு கட்டளை. இத்தனை ஆண்டுகளில் கணினித் தமிழில் 'தொடு' என்ற வினை அந்தப் பொருளில் நன்றாக ஊன்றிவிட்டது: நான் தொடுகிறேன், கருவி கீழ்ப்படிகிறது. இப்போது பெயர் தேடும் கருவியோ எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அது நம்மைத் தொடுகிறது, உணர்வது நாம். இரண்டையும் ஒரே வினையால் சொன்னால் பயனர் கையேட்டின் முதல் பக்கத்திலேயே குழப்பம் தொடங்கும்.

தமிழில் இந்த வேறுபாட்டுக்கு வினைகள் தயாராக இருக்கின்றன. 'அவன் என்னைத் தொட்டான்' என்றால் அவனுடைய செயலைச் சொல்கிறோம். 'அவன் கை பட்டது' என்றால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். காற்று படும், வெயில் படும், சூடு படும், எதுவும் நம்மைத் தொட வேண்டும் என்று நினைத்து வருவதில்லை. சரி, அப்படியானால் 'படு' என்றே வைக்கலாமே? முயன்று பார்த்தேன். படுகருவி, படுவுணர்வு என்று எழுதியவுடனேயே படுக்கை, படுகுழி, படுதோல்வி எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. அந்த வினைக்கு ஏற்கெனவே சுமை அதிகம்.

அப்புறம்தான் குறளுக்குப் போனேன். ஐம்புலன்களின் நுகர்வை அது 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்று வரிசைப்படுத்துகிறது. நாவுக்குச் சுவை, கண்ணுக்கு ஒளி, உடம்புக்கு ஊறு. தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு உயிரைச் சொல்லும்போது 'உற்றறிவது' என்று வருகிறது. இரண்டுக்கும் வேர் 'உறு'. தொடும் கையின் செயலை விட்டுவிட்டு, தொடப்பட்ட உடம்பு அறிவதைச் சொல்லும் சொல் இது. நமக்கு வேண்டிய திசை அப்படியே இருக்கிறது.

ஆனால் ஊறு என்பதை அப்படியே எடுத்தாள முடியாது. இன்று அதற்குக் கேடு, தீங்கு என்று பொருள். 'குழந்தைக்கு ஊறு அனுப்பும் கருவி' என்று விளம்பரம் எழுத முடியுமா? நாற்றம் ஒருகாலத்தில் வெறும் மணத்தைக் குறித்து, இன்று கெட்ட வாடையாகிவிட்டதைப் போலத்தான் இதுவும். பழைய பொருளை மீட்டெடுப்போம் என்று ஒரு நண்பர் வாதிடக்கூடும். பேச்சு வழக்கோடு மல்லுக்கட்டி வென்ற கலைச்சொல் எதையும் நான் பார்த்ததில்லை. இன்னொரு பொறியும் உண்டு. உறு என்பதன் பிறவினை 'உறுத்து', எனவே கருவிக்கு 'உறுத்தி' என்று இலக்கணப்படி சரியாகவே யாராவது முன்மொழியலாம். கண்ணில் தூசு உறுத்துவதையும் செருப்பு காலில் உறுத்துவதையும் நினைத்துக்கொண்டால் போதும், அந்த வழி அடைபட்டுவிடும்.

அதனால் நீட்டலை விட்டுவிட்டுக் குறிலுக்கே திரும்பலாம் என்கிறேன். உறு, உற்று. உற்றார், உறவு எல்லாம் இதே வேரில் முளைத்தவை. தொலைவில் இருக்கும் சொந்தத்தின் கையை நம் மேல் கொண்டுவரும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

கருவியின் உறுப்புகளிலிருந்து தொடங்குவோம். சென்சாருக்கு 'உணரி' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அனுப்புபவரின் விரல் அழுத்தத்தையும் அசைவையும் அளப்பது உற்றுணரி. பெறுபவரின் தோலில் அதைத் திரும்ப உண்டாக்குவது உற்றுணர்த்தி. உணர், உணர்த்து: தன்வினையும் பிறவினையும் அளப்பதையும் அளிப்பதையும் பிரித்துவிடுகின்றன, புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. எளிய உற்றுணர்த்தி ஒன்று இப்போதே பலர் பையில் இருக்கிறது. கைபேசியை அதிரவைக்கும், ஒருபக்கம் கனமான எடையைச் சுழற்றும் குட்டி மோட்டார்தான் அது. தோலின் ஆழத்தில் அதிர்வை அறிந்து நரம்புக்குச் சொல்லும் நுண்ணுறுப்புகளான ஏற்பிகளுக்கு நொடிக்குச் சுமார் 250 அதிர்வு என்றால் மிக நன்றாகத் தெரியும். ஆனால் அழுத்தத்துக்கும் தோல் இழுபடுவதற்கும் வேறு ஏற்பிகள் உண்டு, வெப்பத்துக்குத் தனி நரம்பு முனைகள். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் 2021இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. வெறும் அதிர்வை வைத்துக்கொண்டு ஒரு கையை உருவாக்கிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். விரலின் கூர்மையும் சாதாரணமானதல்ல. 2013இல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வில், விரலை நகர்த்திப் பார்த்தவர்கள் 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளைக் கூட வழுவழுப்பான பரப்பிலிருந்து பிரித்தறிந்தார்கள். தலைமயிரின் தடிமன் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு.

இந்த இடத்தில் பழைய உரைகள் கைகொடுக்கின்றன. அவை ஊறு என்பதை எட்டு வகையாகப் பிரித்தன. வெம்மை, தண்மை, வன்மை, மென்மை எல்லோருக்கும் தெரிந்தவை. சொரசொரப்புக்குச் சருச்சரை என்றும் வழுவழுப்புக்கு இழுமெனல் என்றும் பெயர் உண்டு. நாளைக்கு இந்தக் கருவியின் அமைப்புகள் பக்கத்தை மொழிபெயர்க்கப் போகிறவருக்கு இது ஆயத்தப் பட்டியல். துணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து வாங்குகிறோமே, அந்த ஒரு தேய்ப்பில் இவற்றில் குறைந்தது நான்கு நமக்குத் தெரிந்துவிடுகின்றன. இணையத்தில் துணி வாங்குபவருக்கு அந்தத் தேய்ப்பு கிடைக்க வேண்டுமானால் நான்கையும் தனித்தனியாக அளக்கவும் அனுப்பவும் வேண்டும். நான்குக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

இனி முக்கியமான சொல். 'கையுறை' என்பதைப் பெயருக்குள் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காதுக்குக் கேட்காத மீயொலியை அடர்த்தியாகக் குவித்து, வெறும் காற்றிலேயே உள்ளங்கையில் ஒரு புள்ளியை அழுத்திக்காட்டும் கருவிகள் வந்துவிட்டன. உறை போய்விடும், பெயர் மட்டும் தங்கிவிடும். 'தந்தி' கம்பியைக் குறித்த சொல் என்பதால்தான் பின்னால் 'கம்பியில்லாத் தந்தி' என்று சொல்ல வேண்டி வந்தது. கருவியின் உருவத்தைப் பிடித்துக்கொள்ளாமல், வந்து சேர்வதற்குப் பெயர் வைப்போம். அழைப்பு வருகிறது, குறுஞ்செய்தி வருகிறது என்பதுபோல் இது வருகிறது: உறுகை. வருகை, தொடுகை என்பதுபோல் தொழிற்பெயர், கடைசியில் கை என்றும் ஒலிக்கிறது. இந்த இரட்டைப் பொருளை நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்து அமர்ந்தது. உறுகையைக் கொண்டுவரும் எந்தக் கருவியும், உறையோ பட்டையோ காற்றோ, 'உறுகைக் கருவி' என்றால் முடிந்தது. துறைக்கு உற்றுணர்வியல்.

ஒரே ஒரு சிக்கலை மட்டும் விரிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கை தொடுவதும் எதிர்வினை திரும்புவதும் இயல்பாகத் தெரிய ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்குள் போய்வர வேண்டும் என்பது இத்துறையில் பேசப்படும் இலக்கு. ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். போகவும் வரவும் என்றால் 100 கிலோமீட்டரோடு கதை முடிந்தது. 2000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாட்டியின் கைக்கு, வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் போய்வர 20 மில்லிநொடி ஆகும். எனவே பெறும் கருவி, பாட்டியின் விரல் அடுத்து எங்கே நகரும் என்று ஊகித்து முன்கூட்டியே தொடும், உண்மையான தரவு வந்ததும் திருத்திக்கொள்ளும். அந்த ஊகத் தொடுதலையும் உறுகை என்று அழைக்கலாமா? எனக்குச் சம்மதமில்லை. கன்னத்தில் பட்டது பாட்டியா கணக்கா என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு. அதற்கு 'ஊகவுறுகை' என்று தனிச்சொல் வைத்து, கருவி அதைக் காட்டியே ஆக வேண்டும் என்று வரையறையிலேயே எழுதிவிடலாம். 'முன்னுறுகை' என்றும் யோசித்தேன், ஆனால் 'முன்' என்பது காலத்தைத்தான் சொல்கிறது, ஊகம் என்பதை மறைத்துவிடுகிறது.

வினைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். 'அம்மா கையை உற்றேன்' என்று இன்று யாரும் சொல்லப்போவதில்லை, சொல்ல வைக்கவும் தேவையில்லை. உறுகை அனுப்பு, உறுகை வந்தது, இவ்வளவு போதும், மீதியைப் பேச்சே பார்த்துக்கொள்ளும். நீங்கள் ஒப்புக்கொண்டால் இணைய அகராதியான விக்சனரியில் சேர்க்கும்போது எடுத்துக்காட்டு வாக்கியமாக இதைப் போடலாம்: 'உறுகை வந்தது, அம்மாவின் புறங்கை நெற்றியில் பட்டது.'