ஷேவிங்கில் இரண்டாம் சுற்றிலேயே நுரை அடங்கிவிடுகிறது, ஏன்?

தாம்பரத்தான்:
வட்டச் சோப்பு, பன்றிமுடி பிரஷ். முதல் சுற்றுக்கு நுரை பொங்கி வருகிறது. முடி போகும் திசையில் ரேசரை இழுத்து முடித்து, குறுக்கே இழுக்கலாம் என்று மறுபடி பூசினால் வெறும் சோப்புத் தண்ணீர்தான் வழிகிறது. தாடைக்குக் கீழே ஒரே எரிச்சல். வீட்டில் போர் தண்ணீர், வாளியெல்லாம் வெள்ளைப் படிவு. அதுதான் காரணமா?

பழைய ரேசர்:
பாதி அதுதான் சார். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடும். நுரைக்கு மிஞ்சுவது குறைவு. ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மீதிப் பாதி, பிரஷில் சோப்பு போதவில்லை. பொங்குகிறது என்கிறீர்களே, அது காற்று! பிரஷை ஊறவைத்து, உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுழற்றுங்கள். அப்புறம் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டு முகத்திலேயே குழையுங்கள். குமிழி கண்ணுக்குத் தெரியாமல், கெட்டித்தயிர் மாதிரி பளபளப்பு வந்தால் நிறுத்தலாம். சுற்றுக்கு நடுவில் பிரஷை அலசிவிடாதீர்கள், சரக்கு எல்லாம் அதன் அடியில்தான் இருக்கிறது.

காலைக்காபி:
ஃபேனுக்குக் கீழே நின்று செய்கிறீர்களா? முதலில் அதை அணைங்க.

தாம்பரத்தான்:
ஃபேன் ஓடும்தான். இன்று அணைத்துவிட்டு, கேன் தண்ணீரில் செய்தேன். மூன்றாம் சுற்றுக்கும் பிரஷில் மிச்சம் இருந்தது! மேலுதட்டில் மட்டும் இன்னும் காய்கிறது.

பழைய ரேசர்:
அங்கே கடைசியாகப் பூசுங்கள் சார், ரேசர் வைப்பதற்குச் சற்று முன்னால்.