பாஸ்வேர்ட் கேக்கிறாங்கள், குடுக்கலாமோ?

குழு: வெள்ளவத்தை வீட்டுக்காரர்

வத்சலா: பிரியான்ர லப்டொப் சார்ஜ் ஏறுதில்லை. வயர் குத்துற இடத்துக்குக் கீழ தீப்பெட்டி ஒண்டை முண்டு குடுத்தாத்தான் லைட் எரியுது, கை பட்டா உடன நிண்டிடும். பம்பலப்பிட்டியில எடுத்த கடைக்குப் போன் பண்ணினா கொண்டு வாங்கோ, பாஸ்வேர்டையும் எழுதிக்கொண்டு வாங்கோ, இல்லாட்டி மெசினை எடுக்க மாட்டம் எண்டுறாங்கள். ரமணன் நிக்கிறியா?

சாந்தி: பொம்பிளப் பிள்ளையின்ர லப்டொப், குடுக்காதை வத்சலா

பிரியா: பெரியம்மா அதில என்ர ஃபைனல் இயர் ரிப்போட் முழுக்க இருக்கு, போட்டோஸும் இருக்கு

ரமணன்: சின்னம்மா இப்பத்தான் பாத்தனான். முதல்ல பில்லைத் தேடுங்கோ, எப்ப எடுத்தது?

வத்சலா: போன வருசம் ஜூன் 20. வருசம் முடிய இன்னும் ரெண்டு கிழமைக்கு மேல கிடக்குத்தானே

ரமணன்: பில்லில கீழ சின்ன எழுத்தை வடிவா வாசியுங்கோ. இஞ்ச கனக்க கடைக்காரர் ஒரு வருச வொரண்டி எண்டா 350 நாள் எண்டு போடுறவை

வத்சலா: ஐயோ ஓம், போட்டிருக்கு

ரமணன்: அப்ப ஜூன் 5ஓட சரி. நாளைக்கே கொண்டுபோங்கோ. சீரியல் நம்பரைக் கொம்பனியின்ர வெப்சைட்டில அடிச்சா அவையின்ர வொரண்டி எப்ப முடியுது எண்டு தனியாக் காட்டும், அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ

சிவா: பிள்ளை, சாந்தி அக்கா சொல்லுறது சரி. இஞ்ச கனடாவில குவெல்ஃப் யுனிவர்சிட்டிக்காரர் 2022ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டவை, லப்டொப்புகளைக் கடை கடையாத் திருத்தக் குடுத்திட்டு உள்ளுக்க என்ன நடக்குது எண்டு ரகசியமாப் பதிவு செய்து பாத்தா சில கடையில ஆக்களின்ர சொந்தப் படங்களைத் திறந்து பாத்திருக்கினம், ரெண்டு இடத்தில கொப்பியும் எடுத்திருக்கினம், பட்டரி மாத்தவே பாஸ்வேர்ட் கேட்டிருக்கினம். பட்டரி மாத்த என்னத்துக்கு பாஸ்வேர்ட்?

பிரியா: மாமா இதை வாசிக்க இன்னும் பயமாக் கிடக்கு

கணேஷ்: அப்ப நான் பயோஸில, அதுதான் விண்டோஸ் வர முதலே ஓடுற செட்டிங்கில, ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் குடுக்கிறன், ஒருத்தனும் திறக்க ஏலாது

ரமணன்: சித்தப்பா தயவுசெய்து அதை மட்டும் செய்யாதேங்கோ. பயோஸைப் பூட்டினா டெக்னீஷியனால டெஸ்டும் ஓட்ட ஏலாது, நியாயமாவே திருப்பி அனுப்புவான். அது மறந்துபோனாலும் பெரிய சிக்கல், லெனோவோ மாதிரி கொம்பனியள் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் எண்டுற அந்தப் பயோஸ் பாஸ்வேர்ட் மறந்தா மதர்போட்டையே மாத்தோணும் எண்டு எழுதியே வைச்சிருக்கினம், அந்தக் காசும் நீங்கதான் கட்டோணும், வொரண்டிக்குள்ள வராது

கணேஷ்: சரி சரி விட்டுட்டன்

ரமணன்: பிரியா இதைக் கவனமா வாசி. சார்ஜிங் போட் எண்டுறது ஹார்ட்வெயார், அதைத் திருத்தவும் சோதிக்கவும் விண்டோஸுக்குள்ள போகத் தேவையில்லை. டெல் எண்டா எஃப்12, எச்பி எண்டா எஃப்2 அமத்தி ஓன் பண்ணினா கொம்பனியின்ர டெஸ்டே வரும், பட்டரியையும் அதில பாக்கலாம். அதுக்கும் மேல கேட்டா புதுசா ஒரு லோக்கல் எக்கவுன்ட் "சேர்விஸ்" எண்டு செய்து அந்தப் பாஸ்வேர்டைக் குடு. அதை அட்மின், எண்டா எல்லாத்தையும் திறக்கிற உரிமையுள்ள எக்கவுன்ட், ஆக்காதை. அப்ப உன்ர ஃபோல்டர் அந்த எக்கவுன்டுக்குத் திறபடாது

பிரியா: அப்ப டிஸ்கைக் கழட்டி வேற மெசினில போட்டா?

ரமணன்: நல்ல கேள்வி. வெறும் விண்டோஸ் பாஸ்வேர்ட் மட்டும் எண்டா அப்பிடி வாசிக்கலாம், டிஸ்க் முழுக்கவும் பூட்டி வைக்கிற விண்டோஸின்ர பிட்லொக்கர் ஓன்ல இருந்தா ஏலாது. புது லப்டொப்புகளில மைக்ரோசொஃப்ட் எக்கவுன்ட் போட்டு செட் பண்ணினா அனேகமாத் தானாவே ஓன் ஆகியிருக்கும். ஆனா அதில ஒரு ஆபத்தும் இருக்கு, சார்ஜிங் போட்டுக்காக மதர்போட்டை மாத்தினா மெசின் திரும்பி வரேக்க 48 இலக்க ரிக்கவரி கீ கேக்கும், அது இல்லாட்டி உன்ர ரிப்போட் போச்சு, கொம்பனிக்காரனாலயும் எடுத்துத் தர ஏலாது. போனில மைக்ரோசொஃப்ட் எக்கவுன்டுக்குள்ள போய் அந்தக் கீயை இப்பவே எழுதி எடு. ரிப்போட்டை பென் டிரைவிலயும் போடு, டேட்டா போனா எந்த வொரண்டியும் பொறுப்பெடுக்காது

சாந்தி: தீப்பெட்டியை ஆட்டாமல் பிடி பிள்ளை, கொப்பி முடியும் வரைக்கும்

பிரியா: கீ கிடைச்சிட்டுது!! ரிப்போட் கொப்பி ஆகுது

சிவா: போட்டோஸையும் எடுத்திட்டு அழிச்சிட்டுக் குடு

ரமணன்: சின்னம்மா இன்னொண்டு, அந்தப் போட்டையும் நாலு பக்கத்தையும் வெளிச்சத்தில படம் எடுங்கோ. உடைவு, எரிஞ்ச அடையாளம், தண்ணி பட்டது இருந்தா வொரண்டி இல்லை எண்டு பில்லிலயே இருக்கும், பிறகு அங்க விழுந்த கீறலுக்கு உங்களைச் சொல்லக் கூடாது. ஜொப் ஷீட்டில "வெளியால சேதம் இல்லை" எண்டு எழுதுவிச்சு சைன் வாங்குங்கோ. பில்லின்ர கொப்பியை மட்டும் குடுங்கோ. நியாயமில்லாமல் மறுத்தா நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 அடிக்கலாம்

(அடுத்த நாள்)

வத்சலா: குடுத்திட்டம். ஜொப் ஷீட்டில பாஸ்வேர்ட் எண்டு ஒரு கட்டம் இருந்தது, எதிர்ல நிண்ட ஆக்கள் எல்லாரும் அதில பாஸ்வேர்டை எழுதிப்போட்டு மேசையில வைச்சிட்டுப் போறாங்கள், ஆரும் வாசிக்கலாம். பிரியா அதில சேர்விஸ் எக்கவுன்டைத்தான் எழுதினவள். முதல்ல முகத்தைச் சுளிச்சாங்கள், பிறகு பெரிய டெக்னீஷியன் வந்து இது காணும் எண்டிட்டார். போட் மட்டும்தான் போல, கொம்பனி வொரண்டியில போகுதாம், காசு இல்லை

சாந்தி: முருகா, நல்லதாப் போச்சு

ரமணன்: ஜொப் நம்பரை இதில போடாதேங்கோ சின்னம்மா, எனக்குத் தனியா அனுப்புங்கோ. மெசின் வந்த உடன சேர்விஸ் எக்கவுன்டை அழிச்சிட்டுப் பாஸ்வேர்டையும் மாத்து பிரியா

பிரியா: ஓம் அண்ணா. ரிப்போட்டை இப்ப அம்மான்ர லப்டொப்பில செய்யிறன், வெள்ளிக்கிழமை குடுக்கோணும்