மெயில் வருது, வெளியே போகமாட்டேங்குது: மண்டபத்தில் சொந்த சர்வர்

மண்டபம் நண்டுக்கடை:
கடை ஃபைபர் இணைப்பில் சொந்த மெயில் சர்வர்: டெபியன் 12 (லினக்ஸ்), மெயிலை அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நெட் முகவரி) வாங்கியாச்சு. உள்ளே வர்ற மெயில் சரியா வருது. அனுப்புறது எல்லாம் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) கிடக்கு, லாகில் "கனெக்‌ஷன் டைம்டு அவுட்". எஸ்பிஎஃப் (எங்க பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம்னு சொல்ற டிஎன்எஸ் வரி), டிகிம் (மெயிலில் போடுற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டும் போட்டிருக்கேன். எங்கே தப்பு?

தொண்டிக் கரை:
தம்பி, எஸ்பிஎஃப்பை நோண்டாதீங்க. அதில் பிழைன்னா எதிர் சர்வர் 550ன்னு (ஏத்துக்கமாட்டேன்னு) முகத்துக்கு நேரா சொல்லும். டைம் அவுட்டுன்னா உங்க பாக்கெட் அங்கே போய்ச் சேரவே இல்லை, சர்வருக்கு சர்வர் மெயில் போற 25ஆம் போர்ட் வெளிப்பக்கம் அடைச்சிருக்கு. சர்வரிலிருந்தே ஜிமெயிலோட எம்எக்ஸுக்கு (மெயிலை வாங்குற சர்வருக்கு) 25ல் டெல்நெட் (நேரா இணைச்சுப் பார்க்கிற கட்டளை) போடுங்க. தயார்னு சொல்ற 220 வரணும். கர்சர் சும்மா நின்னா அடைப்புதான்.

நெட் கம்பெனிகிட்ட கேட்டுத் திறந்து வாங்கினாலும் அடுத்து பிடிஆர் (ஐபியிலிருந்து சர்வர் பெயரைக் காட்டுற பதிவு) நிக்கும். அதை உங்க டிஎன்எஸ் பேனலில் போட முடியாது, ஐபி யாருடையதோ அவங்கதான் போடணும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநருக்கும் பிடிஆர் கேக்குது. இல்லாட்டி 5.7.25ன்னு திருப்பிடும்.

வீட்டு, கடை இணைப்பில் இதோட மல்லுக்கட்டுறது வீண். வரவு உங்க சர்வரிலேயே இருக்கட்டும், அனுப்புறதை மட்டும் 587ஆம் போர்ட் வழியா ஒரு ரிலேக்கு (நமக்காக மெயிலை வெளியே அனுப்புற சேவைக்கு) விடுங்க. போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்பில் ரிலேஹோஸ்ட் வரியில் ரிலேயோட பெயரைச் சதுர அடைப்புக்குள் போடணும், இல்லாட்டி போஸ்ட்ஃபிக்ஸ் எம்எக்ஸ் தேடப் போயிடும். ரிலே பாஸ்வேர்ட் கோப்பை மாத்தினதும் போஸ்ட்மேப் கட்டளை ஓட்டணும். ரிலேயோட இன்க்ளூடை (அதுவும் உங்க பெயரில் அனுப்பலாம்னு சொல்ற பகுதியை) ஏற்கெனவே இருக்கிற எஸ்பிஎஃப் வரிக்குள்ளேயே சேருங்க. ரெண்டாவது வரி போட்டா ரெண்டுமே செல்லாது.

கீழக்கரை நெட்:
மெயில் தாமதம்னு எச்சரிக்கிற டிலே வார்னிங் டைம் அமைப்பு போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பா 0. அனுப்பினவருக்கு ஒரு தகவலும் போகாது, 5 நாள் கழிச்சுத்தான் மெயில் திரும்பி வரும். அதை 4 மணி நேரம்னு வைங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லைன் ரெண்டு நாள் போனாலும் உள்வரவுக்குப் பயப்படவேண்டாம். அனுப்புற சர்வர்கள் பெரும்பாலும் 4, 5 நாள் விடாம முயற்சி செய்யும். லான் கேபிள் முனையை மட்டும் கழட்டிப் பாருங்க. உப்புக்காத்தில் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தா வெட்டிப் புதுசா கிரிம்ப் பண்ணணும், துடைச்சா நிக்காது.

மண்டபம் நண்டுக்கடை:
டெல்நெட் நின்னுபோச்சு அண்ணே, அடைப்புதான். ரிலே போட்டு டெஸ்ட் மெயில் போயிடுச்சு. நன்றி பாய். க்யூவில் கிடக்கிறதை அப்படியே தள்ளிவிடலாமா?

தொண்டிக் கரை:
முதலில் போஸ்ட்க்யூ மைனஸ் பி போட்டுப் பட்டியலைப் பாருங்க. மூணு நாளைக்கு முந்தின நண்டு விலை இன்னைக்குப் போய்ச் சேர்ந்தா வம்பு. அதை மட்டும் போஸ்ட்சூப்பர் மைனஸ் டி கொடுத்து எடுத்துட்டு, அப்புறம் மிச்சத்தைத் தள்ள போஸ்ட்க்யூ மைனஸ் எஃப்.